பிளிப்பர் கத்தி: இழுக்கலாமா, அழுத்தலாமா, உதறலாமா?

பிடியின் முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் காதை விரலால் தள்ளித் திறக்கிற பிளிப்பர் வகை மடக்குக் கத்தியைப் புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அடுத்தவர் கையில் டக்கென்று திறக்கிற கத்தி, தன் கைக்கு வந்ததும் பாதியில் நின்றுவிடுகிறது. பத்துத் தடவை முயன்றால் ஆள்காட்டி விரல் நுனி சிவந்துபோகிறது. யோசனை கேட்டால், அந்தச் சின்னக் காதை இழு என்கிறார் ஒருவர். இழுக்காதே, அழுத்து என்கிறார் இன்னொருவர். மணிக்கட்டை லேசாக உதறினால் போதுமே என்கிறார் மூன்றாமவர்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இழுப்பா, அழுத்தா என்பதைப் பாதிக்குமேல் கத்தியின் அமைப்பே தீர்மானித்துவிடும். உதறுவது கடைசிக்கு இருக்கட்டும். ஆனால் திறக்கவில்லை என்று புலம்புகிற முக்கால்வாசிப் பேருக்கு ஆள்காட்டி விரலில் பிரச்சினையே இல்லை. மற்ற விரல்கள் தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். அதை விளக்க, கத்திக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

## உள்ளே நடப்பது

மூடிய கத்தியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிளேடின் அடிப்பகுதி, அது சுழலும் அச்சான பிவட் ஆணியைத் தாண்டி, பிடியின் முதுகுப் பக்கம் ஒரு சின்னக் காதாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை நகர்த்தினால் பிளேடு எதிர்ப்பக்கம், அதாவது பிடியின் வாய் வழியாகச் சுழன்று வெளியே வரும். முழுதும் திறந்ததும் அதே காது கீழே வந்து நின்று, விரல் வழுக்கிக் கூர்ப்பக்கம் போகாமல் தடுக்கும். அமெரிக்கக் கத்தி வடிவமைப்பாளர் கிட் கார்சன், சி.ஆர்.கே.டி. நிறுவனத்துக்காக வடிவமைத்த எம்16 வரிசை இந்த அமைப்பைப் பரவலாக்கியதில் பெரும் பங்கு வகித்தது. 'கார்சன் பிளிப்பர்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

காது வெறும் நெம்புகோல். வேகம் கிடைப்பது டிடென்டில். திறந்த பிளேடு மடங்காமல் தாங்கும் பூட்டுத் தகட்டில், அதாவது லாக்பாரில், எஃகிலோ செராமிக்கிலோ ஒரு சிறு குண்டு பதித்திருப்பார்கள். கத்தி மூடியிருக்கும்போது அந்தக் குண்டு பிளேடின் அடிப்பகுதியில் உள்ள குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் காதைத் தள்ளத் தொடங்கியதும் பிளேடு நகராது, குண்டு விடாது. விரலில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் குண்டு குழியை விட்டு மேலேறும்போது, அதுவரை விரலில் தேங்கியிருந்த விசை மொத்தமும் பிளேடுக்குப் போய்விடும். சொடக்குப் போடும்போது கட்டைவிரல் தடுத்து வைத்திருப்பதால்தான் நடுவிரலுக்கு அந்த வேகம் கிடைக்கிறது. இங்கே கட்டைவிரலின் வேலையைக் குண்டு செய்கிறது.

ஆகவே காதை ஓங்கி அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. சீராக அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனாலும் சரியான டிடென்ட் உள்ள கத்தி முழுதாகத் திறக்கும். டிடென்ட் தளர்வாக இருந்தால் விசை தேங்காது, பிளேடு சோம்பலாகக் கிளம்பிப் பாதியில் நிற்கும். அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால் விரல் வலிக்கும், ஆனால் கிளம்பிவிட்டால் முழுதாகத் திறந்துவிடும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஒரு முறை நல்லதா என்று பார்க்க நான் கேட்கிற கேள்விகள் இவை:

- ஒவ்வொரு முறையும் முழுதாகத் திறந்து, பூட்டு விழுகிறதா? பாதி திறந்த கத்தி மூடிய கத்தியைவிட ஆபத்து.
- பிளேடு சுழன்று வரும் பாதையில் விரல் வராமல் இருக்கிறதா?
- விரல் எவ்வளவு நேரம் தாங்கும்?
- பூட்டும், திறந்த பிளேடு முட்டி நிற்கும் ஸ்டாப் பின்னும் எவ்வளவு அடி வாங்குகின்றன?
- ஈரக் கை, குளிரில் மரத்த விரல், கையுறை, இவற்றோடு ஒத்துப்போகிறதா?
- பக்கத்தில் இருப்பவர் பார்த்தால் என்ன நினைப்பார்?

வேகம் இந்தப் பட்டியலில் இல்லை. எந்த முறையில் திறந்தாலும் கண்ணிமைக்கும் நேரம்தான். அந்த நேரத்திலும் பாதியை மிச்சம் பிடித்து யாரும் எதையும் சாதிக்கப் போவதில்லை.

## எல்லா முறைக்கும் பொதுவானது: மற்ற மூன்று விரல்

பிரேம் லாக் கத்தி (பிடியின் ஒரு பக்கமே பூட்டாக வேலை செய்யும் வகை) வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். வலது கையில் மூடிய கத்தியைப் பிடித்து, நடுவிரலையும் மோதிர விரலையும், பையில் மாட்டும் கிளிப் இருக்கும் பக்கத்தில் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு காதை மெதுவாகத் தள்ளுங்கள். கல்லைத் தள்ளுவது போலிருக்கும். இப்போது காதில் இருக்கும் அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த இரண்டு விரலை மட்டும் தளர்த்துங்கள். பல கத்திகளில் அந்த நொடியே பிளேடு பாய்ந்துவிடும். அதனால் வாய்ப்பக்கம் விரல் எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டே இதைச் செய்யவும்.

காரணம் எளிது. பிரேம் லாக்கில் பிடியின் ஒரு பக்கமே வெட்டி வளைத்த லாக்பார். அதே தகட்டில்தான் டிடென்ட் குண்டும் இருக்கிறது. வலது கைக்காரர் பிடிக்கும்போது விரல்கள் நேராக அதன்மேல் போய் உட்காரும். விரல் அழுத்த அழுத்த, குண்டு குழிக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். ஒரு கையால் கதவைத் தள்ளிக்கொண்டு இன்னொரு கையால் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்திருக்கிறோம் என்று தெரியாமலேயே, 'இந்தக் கத்தி மோசம், ரொம்ப டைட்' என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

விரல்களை எங்கே வைப்பது? கிளிப்பின் மேல் வைக்கலாம், அது பெரும்பாலும் லாக்பாரின் வளையும் பகுதியைத் தாண்டி ஓரளவு சுமையை வாங்கிக்கொள்ளும். கிளிப்பும் லாக்பாரின் மேலேயே உட்கார்ந்திருந்தால், வெட்டுக்கோட்டைத் தாண்டி, நகராத சட்டகத்தின் முதுகுப்பக்க விளிம்பில் விரல் நுனிகளை ஊன்றுங்கள். எதிர்ப்பக்கம் கட்டைவிரல் தட்டையாக. கத்தி விழாத அளவுக்குப் பிடித்தால் போதும்.

இடது கைக்காரர்களுக்கு அதே தொல்லை வேறு வழியில் வரும். வலது கைக்கென்று செய்த பிரேம் லாக்கை இடது கையில் பிடித்தால் லாக்பாரின் மேல் விழுவது கட்டைவிரல். அதைப் பிவட் பக்கமோ வால் பக்கமோ நகர்த்திப் பாருங்கள்.

லைனர் லாக்கில் இந்தப் பிரச்சினை குறைவு. பூட்டுத் தகடு பிடியின் மேலோட்டுக்கு உள்ளே இருப்பதால் விரல் எட்டாது. பிளேடின் அடிப்பகுதிக்குக் குறுக்கே ஒரு கட்டை நகர்ந்து பூட்டும் குறுக்குக் கட்டை வகைப் பூட்டு உள்ளவற்றில் பொதுவாக இந்த லாக்பாரே கிடையாது. அங்கே தொல்லை வேறு, கீழே வருகிறேன்.

இன்னொன்று, எந்த விரலும் பிடியின் வாய்ப்பக்கம் சுருண்டு நிற்கக் கூடாது. பிளேடு அந்த வழியாகத்தான் வரும். பிடியைப் பக்கவாட்டில் கிள்ளிப் பிடிப்பதுதான் சரி, கைப்பிடிபோல உள்ளங்கையில் சுற்றிப் பிடிப்பதில்லை.

## இழுப்பு முறை

ஆங்கிலம் பேசுபவர்கள் இதை 'லைட் சுவிட்ச்' என்பார்கள். ஆள்காட்டி விரலின் நுனிச் சதையைக் காதின் முன்முகத்தில் கொக்கிபோல மாட்டி, உங்களை நோக்கி, அதாவது பிடியின் வால் பக்கமாக இழுப்பது. விரல் பாதியில் நிற்கக் கூடாது. காது பிடிக்குள் மறையும்வரை கூடவே போய், பிடியின் முதுகில் வந்து படிய வேண்டும்.

இதன் பெரிய லாபம், எதிர்விசை போகும் திசை. காதை உங்களை நோக்கி இழுக்கும்போது கத்தி முழுவதும் உள்ளங்கைக்குள்தான் தள்ளப்படும். அதனால் மற்ற விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. இறுக்காவிட்டால் லாக்பாரில் அழுத்தமும் இல்லை. புதிதாகப் பழகுபவர்களுக்கு இழுப்பை முதலில் சொல்லிக்கொடுப்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மறைமுகச் செலவு விரல் தோலில். பல கத்திகளில் காதின் முன்முகத்தில் பிடிமானத்துக்காகப் பல்வரிசை வெட்டியிருப்பார்கள். ஒருமுறை இரண்டுமுறைக்கு அது உதவி. உட்கார்ந்து ஐம்பது தடவை விளையாடினால் அரம்தான். நகம் வளர்ப்பவர்களுக்கு நகம் மாட்டும். கை சிறியதாக, கத்தி நீளமாக இருந்தால் இன்னொரு சிக்கல்: வால் உள்ளங்கையில் ஊன்றியிருக்கும்போது விரல் காதின் முன்பக்கம் வரை எட்டாது. எட்டிப்பிடிக்க விரலை முழுக்க நீட்டினால், நீட்டிய விரலுக்கு இழுக்கும் வலு குறைவு.

காது பிவட்டுக்கு நேர்மேலே நிமிர்ந்து நிற்கிற கத்திகளுக்கு இழுப்பே பொருத்தம். அந்த இடத்தில் இருந்து பார்த்தால் பிளேடைச் சுழற்றும் திசை சரியாக வால் பக்கம். இழுக்கிற விசை வீணாகாது. அதே காதை மேலிருந்து அழுத்தினால், விசை நேராகப் பிவட்டுக்குள் போய் ஆணியை அமுக்குமே தவிர பிளேடைச் சுழற்றாது. 'அழுத்தினேன், அசையவே இல்லை' என்று சொல்பவர்கள் காதின் நிலையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

## அழுத்து முறை

இது 'புஷ் பட்டன்'. விரலைக் கொக்கியாக்காமல், நுனிச் சதையைக் காதின் சரிவின் மேல் வைத்து, பிடிக்குள் இறங்கும் திசையில் அழுத்துவது. காது பிவட்டைத் தாண்டி வால் பக்கம் கொஞ்சம் தள்ளி, முக்கோணமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் கத்திகள் இதற்கென்றே அமைந்தவை. விரல் நகரும் தூரம் குறைவு. பல்வரிசையில் தோல் உரசுவது குறைவு. குளிரில் விரல் மரத்திருக்கும்போது கொக்கி மாட்டுவது சிரமம், அழுத்துவது எளிது. தடித்த கையுறையோடும் இதுதான் வேலை செய்யும். ஈரக் கையிலும் அப்படியே, கொக்கி வழுக்குகிற இடத்தில் அழுத்தம் வழுக்காது.

இறுக்கமான டிடென்டுக்கும் எனக்கு இதுவே பிடிக்கும். விரலை விறைப்பாக வைத்து, முன்னங்கையின் எடையையும் கொஞ்சம் சேர்த்து மெல்ல ஏற்றிக்கொண்டே போகலாம். இழுப்பில் அந்த வசதி கிடையாது, முழுச் சுமையும் ஒரே விரலின் மூட்டுகளில்தான்.

இதன் செலவு வெளியே தெரியாது. காதை அழுத்தும்போது கத்தி முழுவதும் வாய்ப்பக்கமாகக் கீழே தள்ளப்படும். அதைத் தாங்க அங்கே எதுவும் இல்லை. கை தானாகவே இரண்டு காரியம் செய்யும். ஒன்று, கத்தி நழுவாமல் இருக்கப் பக்கவாட்டில் இன்னும் இறுக்கும். பிரேம் லாக் என்றால் அந்த இறுக்கம் நேராக லாக்பாருக்குப் போகும், டிடென்ட் இன்னும் இறுகும், இன்னும் பலமாக அழுத்த வேண்டிவரும். இரண்டு, முட்டுக்கொடுக்க ஒரு விரல் கீழே போகும். பிளேடு வரும் வழியும் அதேதான். முதலாவது எரிச்சலோடு முடியும், இரண்டாவது தையலோடு முடியும். அழுத்து முறைக்கு மாறுபவர்கள் முதல் சில நாட்கள் தங்கள் மற்ற விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

கிளிப்பின் மேல் விரல் ஊன்றும் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும். கிளிப்பின் விளிம்பு பிடிமானத்தைத் தருவதால் இறுக்கத் தேவையில்லாமல் போகிறது.

## மணிக்கட்டு உதறல்

காதைத் தள்ளும் அதே கணத்தில் மணிக்கட்டையும் சட்டென்று திருப்பி, பிளேடின் எடையே அதை வெளியே இழுத்துச் செல்லும்படி செய்வது. திறக்கும், சந்தேகமில்லை. டிடென்ட் எவ்வளவு தளர்ந்திருந்தாலும், பிவட்டில் எவ்வளவு தூசி இருந்தாலும் திறக்கும். அதுதான் இதன் முதல் குறையும். கத்தியில் ஏதோ கோளாறு இருந்தால், உதறிப் பழகியவருக்கு அது தெரியவே தெரியாது.

பிளேடு வழக்கத்தைவிட வேகமாகப் போய் ஸ்டாப் பின்னில் மோதும். அந்த அதிர்வில் பிவட் திருகு நாளடைவில் தளரும். பூட்டுத் தகடும் ஒவ்வொரு முறையும் பிளேடின் அடியில் கொஞ்சம் ஆழமாகப் போய்ச் செருகும். டைட்டானியம் லாக்பார் என்றால் அது அங்கேயே ஒட்டிக்கொண்டு, விடுவிக்கும்போது முரண்டு பிடிக்கும். கை ஈரமாக இருந்தால் கத்தியே பறக்கும். இதெல்லாம் ஒரே நாளில் நடக்காது என்பதால் யாரும் உதறலைக் குற்றம் சொல்வதில்லை.

சட்டப் பக்கமும் உண்டு. கனடாவின் குற்றவியல் சட்டம் 84-ஆவது பிரிவு, ஈர்ப்பு விசையாலோ மையவிலக்கு விசையாலோ தானாகத் திறக்கும் பிளேடு கொண்ட கத்தியைத் தடைசெய்த ஆயுதங்களில் சேர்க்கிறது. மணிக்கட்டை உதறினால் பிளேடு வெளியே வருகிறதா என்பதே அங்கே கேள்வியாகிவிடுகிறது. நியூயார்க் மாநிலத்திலும் இப்படி உதறிப் பார்த்துத்தான் சாதாரண மடக்குக் கத்தி வைத்திருந்த பலர்மீது வழக்குப் போட்டார்கள். ஈர்ப்பு விசைக் கத்திகள்மீது நியூயார்க்கில் இருந்த அந்தத் தடையை 2019-இல் நீக்கினார்கள். உங்கள் ஊர்ச் சட்டம் எதுவானாலும், உதறலுக்கே திறக்கிற அளவுக்குத் தளர்ந்த கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு போவது நல்லதில்லை. சட்டத்தை விடுங்கள், அது பையிலேயே திறந்துகொண்டால் என்ன செய்வீர்கள்?

இவ்வளவு சொன்னபிறகும் உதறலுக்கு ஒரு நியாயமான இடம் இருக்கிறது. குறுக்குக் கட்டை வகைப் பூட்டு உள்ள பிளிப்பர்கள் பலவற்றில் ஆழமான குழியும் குண்டும் கொண்ட டிடென்ட் இருக்காது. கட்டையின் ஸ்பிரிங் அழுத்தம்தான் பிளேடை மூடி வைத்திருக்கும். விரலில் போதிய விசை தேங்காது. அப்படிப்பட்ட கத்தியில் மணிக்கட்டின் ஒரு சிறு அசைவைச் சேர்த்தே ஆக வேண்டும். அசைவு என்றால் மணிக்கட்டு கொஞ்சம் தாழ்வது மட்டும், சாட்டை சொடுக்குவது இல்லை. பிடியின் வாய் தரையைப் பார்க்கும்படி கத்தியைத் திருப்பிப் பிடித்தால் பிளேடின் எடையும் உதவும், பாதி நேரம் அந்த அசைவுகூடத் தேவைப்படாது.

## மெதுவாக, இரண்டு கையால்

யாரும் கேட்காத முறை. ஆனால் அலுவலக மேசையில் பார்சல் பிரிக்கிறவர், குழந்தைகள் பக்கத்தில் இருப்பவர், கத்தி என்றாலே மிரளும் உறவினர் முன் பழம் வெட்டுகிறவர் இவர்களுக்கெல்லாம் இதுதான் சரி. பிளேடின் முதுகை மறுகையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி இழுத்துத் திறப்பது. சத்தமில்லை, அடியில்லை, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சில பிளிப்பர்களில் கட்டைவிரலுக்கான குமிழோ துளையோ இருக்காது. பிளேடின் முதுகும் பிடிக்குள் ஆழமாக மறைந்திருந்தால் கிள்ளிப்பிடிக்க இடம் கிடைப்பது சிரமம். வாங்கும்போதே இதைப் பார்த்துவிடுங்கள். காதை மெதுவாகத் தள்ளி மெதுவாகத் திறக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. குண்டு குழியை விட்டதும் பிளேடு அதன் பாட்டுக்குப் பாயும்.

இந்த முறைக்கும் ஒரு செலவு உண்டு. வேகமாகத் திறக்கும்போது பிளேடு தானாகப் போய்ப் பூட்டில் விழும். மெதுவாகத் திறக்கும்போது கடைசி விரற்கடை தூரத்தை மறந்துவிடுவது எளிது. பூட்டு விழும் 'க்ளிக்' கேட்ட பிறகே வெட்டத் தொடங்குங்கள்.

## ஒரே பார்வையில்

| | இழுப்பு | அழுத்து | உதறல் | இரண்டு கை |
|---|---|---|---|---|
| பொருந்தும் காது | பிவட்டுக்கு மேலே நிமிர்ந்தது | வால் பக்கம் சாய்ந்தது | எதுவும் | காதே தேவையில்லை |
| இறுக்கமான டிடென்ட் | விரல் மூட்டு வலிக்கும் | சிறந்தது | தேவையில்லை | வசதி |
| தளர்ந்த டிடென்ட் | பாதியில் நிற்கலாம் | பாதியில் நிற்கும் | திறக்கும் | திறக்கும் |
| லாக்பாரை அழுத்தும் ஆபத்து | குறைவு | அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| விரல் தோல் | உரசும் | தாங்கும் | தாங்கும் | பிரச்சினையில்லை |
| ஈரக் கை, கையுறை | வழுக்கும் | நல்லது | வேண்டவே வேண்டாம் | ஈரத்தில் கவனம் |
| கத்திக்குத் தேய்மானம் | குறைவு | குறைவு | அதிகம் | மிகக் குறைவு |
| பார்ப்பவர் மனநிலை | கவனிப்பார் | கவனிப்பார் | மிரளுவார் | கண்டுகொள்ள மாட்டார் |

தளர்ந்த டிடென்ட் வரிசையில் இழுப்புக்குக் கொஞ்சம் சலுகை கொடுத்திருக்கிறேன். இழுப்பில் விரல் நீண்ட தூரம் காதோடு கூடவே போவதால், குண்டு விட்ட பிறகும் பிளேடுக்குச் சிறிது தள்ளு கிடைக்கிறது.

## இந்த ஒப்பீட்டில் அடங்காதவை

ஸ்பிரிங் உதவியோடு திறக்கும் பிளிப்பர்களுக்கு இந்த விவாதமே பொருந்தாது. கத்தி வடிவமைப்பாளர் கென் ஆனியன் உருவாக்கி, கெர்ஷா கத்திகளில் வரும் 'ஸ்பீட்சேஃப்' இதற்கு நல்ல உதாரணம். அதில் ஒரு முறுக்குக் கம்பி முதல் சில பாகை வரை பிளேடை மூடியே வைக்கும். அந்த இடத்தைத் தாண்டியதும் அதே கம்பி பிளேடைத் திறக்கத் தள்ளும். காதை எப்படித் தொட்டாலும் திறந்துவிடும். அதன் செலவு மூடும்போது தெரியும், ஸ்பிரிங்கை எதிர்த்துத்தான் மூட வேண்டும். ஸ்பிரிங் உடையக்கூடிய ஒரு பாகம் என்பதையும் கணக்கில் வையுங்கள். இதில் உதறலைச் சேர்ப்பது சுத்த வீண்.

முன்பக்கப் பிளிப்பர் வேறு ரகம். அதில் காது பிவட்டுக்கு முன்னால், பிடியின் நுனியில் இருக்கும். கட்டைவிரலால் மேலிருந்து உருட்டித் திறக்க வேண்டும். பழக நாளாகும், பையில் துருத்தாது, பார்க்க அழகு. ஆனால் பலவற்றில் திறந்த பிறகு விரல் காவலாக நிற்க எதுவும் இருக்காது. முதல் கத்தியாக வாங்குகிறவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

## முறையை மாற்றும் முன் கத்தியைப் பாருங்கள்

பிடி சரி, விரல் சரி, இருந்தும் பாதியில் நிற்கிறதென்றால் முதலில் பிவட் திருகைப் பாருங்கள். எட்டில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி, திறந்த நிலையில் பிளேடைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் வராத எல்லைக்குள் எது தளர்வோ அங்கே நிறுத்துங்கள். பிவட்டில் பாஸ்பர் வெண்கல வாஷர் உள்ளவை இந்தத் திருகைக் கொஞ்சம் திருப்பினாலே ரொம்ப வித்தியாசம் காட்டும். புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருந்து, திறந்து மூடத் திறந்து மூட வழவழப்பாகும். பேரிங் உள்ளவை முதல் நாளிலிருந்தே வழுக்கிக்கொண்டு திறக்கும். ஆனால் பைக்குள் இருக்கும் நூல் பஞ்சும் மணலும் உள்ளே போனால் வாஷரைவிட அதிகமாகத் தகராறு செய்யும். ஊதிச் சுத்தம் செய்து, பிவட்டில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், டிடென்ட் குண்டு உரசிச் செல்லும் தடத்தில் ஊசிமுனையளவு. அதற்குமேல் விட்டால் தூசிதான் சேரும்.

டிடென்ட் பலவீனமா என்று பார்க்க, மூடிய கத்தியின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து லேசாகக் குலுக்குங்கள். பிளேடு எட்டிப்பார்த்தால் அது கத்தியின் குறை. எந்த முறையும் அதைச் சரிசெய்யாது, விற்றவரிடமோ செய்தவரிடமோ திருப்பிக்கொடுப்பதுதான் வழி. லாக்பாரை நாமே வளைத்துச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வதுண்டு. கொஞ்சம் அதிகமாக வளைந்தால் பூட்டே கெட்டுவிடும், அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

## யாருக்கு எது

முதல் பிளிப்பர், நடுத்தரக் கை, லைனர் லாக் என்றால் இழுப்பில் தொடங்குங்கள். பிரேம் லாக் என்றாலும் இழுப்புதான், விரல்கள் லாக்பாரை விட்டு விலகப் பழகியதும் காதின் நிலையைப் பார்த்து அழுத்துக்கு மாறலாம். கை சிறியது, விரல் மூட்டு வலி உண்டு, அல்லது குளிரில் கையுறையோடு வெளியில் வேலை என்றால் நேரே அழுத்து முறை. வாங்கும்போதே காது வால் பக்கம் சாய்ந்த கத்தியாகப் பார்த்து வாங்குங்கள். குறுக்குக் கட்டைப் பூட்டு என்றால் வாயைக் கீழே திருப்பி, இழுப்போடு மணிக்கட்டின் சிறு தாழ்வு. பக்கத்தில் ஆட்கள் இருந்தால் எந்தக் கத்தியானாலும் இரண்டு கை.

பழகும்போது கூர்ப்பக்கத்தில் காகித டேப்பை ஒரு அடுக்கு ஒட்டிக்கொள்ளுங்கள், மடியில் வைத்துப் பழகாதீர்கள், செருப்பில்லாத காலோடும் வேண்டாம். கத்தி கையை விட்டு நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள், காலை நகர்த்திக்கொண்டு விழவிடுங்கள்.

மூடுவதிலும் பிளிப்பருக்கு ஒரு வசதி இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. பூட்டை விடுவித்ததும் கட்டைவிரலை உடனே பிளேடின் பாதையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆள்காட்டி விரல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பிளேடு மடங்கி வரும்போது முதலில் அந்த விரலில் தட்டுவது காதின் மழுங்கிய பக்கம், கூர் அதற்குமேல் வர முடியாமல் நிற்கும். பிறகு ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டு, பிளேடின் முதுகைத் தள்ளி மூடலாம். முன்பக்கப் பிளிப்பரில் இப்படி நம்பி மூட முடியாது, அதை மறுகையால் மூடுங்கள்.